லவினா வளர்த்த களை

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி லட்சுமம்மாவின் புருவத்தைச் சீர்செய்துகொண்டிருக்கும்போதே லவினாவின் கண் பால்கனிப் பக்கம் போய்விடுகிறது. அங்கே துளசித் தொட்டியில் ஒரு குப்பைமேனி தலைநீட்டியிருக்கிறது. வலது புருவம் முடிந்து இடது புருவம் தொடங்க வேண்டும். "ஒரு நிமிஷம்மா" என்று எழுந்து போகிறாள். குப்பைமேனியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி வெளியே வீசிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருகிறாள். லட்சுமம்மா அதுவரை ஒற்றைப் புருவத்தோடு காத்திருக்கிறார்.

"ஏம்மா, செடிக்குமா த்ரெடிங்?"

"மொளைக்கக் கூடாத எடத்துல மொளைச்சா எடுத்துட வேண்டியதுதான். மூஞ்சியா இருந்தா இன்னா, தொட்டியா இருந்தா இன்னா?"

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் லவினாவுக்குக் கடை கிடையாது. தோளில் ஒரு பை. அதற்குள் நூல்கண்டு, க்ரீம் டப்பாக்கள், ஒரு கண்ணாடி. வீடு வீடாகப் போய் அழகுபடுத்துவாள். போகிற வீடுகளில் பூந்தொட்டி இருந்தால் அதற்கும் சேர்த்து அழகு உண்டு. யாரும் கேட்டிருக்க வேண்டியதில்லை. பஸ்ஸ்டாப்பில் நிற்கும்போது நடைபாதைக் கல் இடுக்கிலிருந்து பிடுங்குவாள். டாக்டர் கிளினிக்கில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது அங்குள்ள குரோட்டன்ஸ் தொட்டியைச் சுத்தம் செய்வாள். போன வருஷம் உறவுக்காரர் ஒருவரை அடக்கம் செய்யப் போன இடத்தில், ஃபாதர் ஜெபத்தை முடிப்பதற்குள் பக்கத்துக் கல்லறைகள் இரண்டைப் பளிச்சென்று ஆக்கிவிட்டாள். அந்தக் கல்லறைக்காரர்களின் குடும்பத்தினர் பிறகு வந்து பார்த்துவிட்டு, சண்டை போட்டுக்கொண்டு போன அண்ணன்தான் மனம் மாறி வந்து போயிருக்கிறான் என்று நம்பி அவன் வீட்டுக்கே சமாதானம் பேசப் போனார்களாம். இதைச் சொல்லும்போது லவினாவின் முகத்தில் வெட்கம் துளியும் இருக்காது.

அவள் வீட்டு கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு துண்டு மண் இருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாத ஒரே காரணத்தால் அது இன்னும் சிமெண்ட் ஆகாமல் மண்ணாகவே கிடக்கிறது. குளிர் விலகி, தெருவோர மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாகப் பூக்கிற மாசி மாதம் வந்துவிட்டால் லவினாவைக் கையில் பிடிக்க முடியாது. ரோஜாவைக் கவாத்து செய்வாள். மழை லில்லியின் கிழங்குகளைப் பிரித்து நடுவாள். கண்ட வீட்டு ஜெரானியத்திலும் ஒரு கிளையை ஒடித்து வந்து செருகுவாள். செண்டுமல்லி நாற்றும் சால்வியா நாற்றும் அவள் கணவர் ரங்காவின் ஆட்டோவில், பயணிகளைப்போல் பின் சீட்டில் உட்கார்ந்து வரும். விதை போடுகிற வழக்கம் மட்டும் அவளுக்குக் கிடையாது. "வெத போட்டா மண்ணையே பாத்துக்கினு ஒக்காரணும். அவ்ளோ பொறும இருந்தா நான் டீச்சராயிருப்பன்" என்பாள்.

களைக்கொத்திக்குப் பதிலாக, ஆட்டோ டூல்கிட்டில் இருந்த நீளமான ஸ்க்ரூடிரைவரை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். நடுரோட்டில் வண்டி நின்றுபோனால் ரங்கா முதலில் மெக்கானிக்குக்கு ஃபோன் செய்ய மாட்டார், மனைவிக்குத்தான் செய்வார். களைகளுக்கெல்லாம் அவள் உறவுமுறை வைத்திருக்கிறாள். எத்தனை தடவை பிடுங்கினாலும் அடியில் கிழங்கை விட்டுவைத்து மறுபடி வருகிற கோரைக்கு 'நாத்தனார்' என்று பெயர். போகிற வருகிறவர்கள் துணியில் ஒட்டிக்கொண்டு வீடுவரைக்கும் வந்துவிடுகிற நாயுருவி 'சித்தப்பா'. அழைக்காமலே எல்லா இடத்திலும் வந்து நிற்கிற குப்பைமேனி 'பெரிம்மா'. ரங்காவின் தங்கை மகாவுக்கு, அதாவது அசல் நாத்தனாருக்கு, இது இன்றுவரை தெரியாது.

மாடி போர்ஷனுக்கு வீணா குடிவந்தது போன மழைக்காலத்தின் முடிவில். ராயக்கோட்டைப் பக்கத்துப் பெண். வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை. காலையில் ஆஃபீஸ் வேன் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். லவினாவுக்கு அவளை முதல் நாளே பிடித்துப்போயிற்று. அடர்ந்து, நீண்டு, நுனியில் தானாகவே வளைந்த புருவம் அவளுக்கு. "இத நான் தொட மாட்டன்ம்மா. தொட்டா பாவம்" என்று லவினா சொன்னது அந்த ஒருத்தியிடம் மட்டும்தான்.

மாசி தொடங்கியபோது வீணா கீழே வந்து கேட்டாள். "அக்கா, அந்தப் பக்கத்துப் பாதி சும்மாத்தான கெடக்குது? நான் பூ போட்டுக்கட்டுமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே குறுக்கே செங்கல் வரிசை வைத்து, மண்ணைக் கொத்தி, ஜினியாவும் காஸ்மாஸும் கலந்த விதைகளைத் தூவினாள். கையைத் தட்டிக்கொண்டே படியில் வந்து உட்கார்ந்தவள், காரணத்தையும் சொன்னாள். கூட வேலை பார்க்கும் கிரணை அவள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். அப்பாவுக்குச் சம்மதம் பாதி, கோபம் பாதி.

"தீபாவளியிலேர்ந்து அப்பா எங்கூடப் பேசறதில்லக்கா. ஃபோன் பண்ணா அம்மாகிட்ட குடுத்துடறாரு. ஈஸ்டர் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழம கிரண் வீட்டுல பேச வர்றாங்க. அப்பாவும் வர்றன்னிருக்காரு. அன்னிக்கி வாசல்ல நானே போட்ட பூ இருக்கணும். பூவப் பாத்தா அவரு நிப்பாரு. வேற எதச் சொல்லி அவருகிட்ட பேச்ச ஆரம்பிக்கறதுன்னு எனக்குத் தெரியல."

லவினா அவள் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "நீ ஆஃபீஸ் போ கண்ணு. என் கண்ணு அங்கதான் இருக்கும்" என்றாள்.

கண் அங்கேதான் இருந்தது. கைக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

அந்த வாரம் சாம்பல் புதன் வந்தது. ஈஸ்டர் வரைக்குமான தவக்காலத்துக்கு லவினா வருஷா வருஷம் எதையாவது விடுவாள். ஒரு வருஷம் கறி, ஒரு வருஷம் டீ, ஒரு வருஷம் டிவி சீரியல். இந்தத் தடவை ரங்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "கறிய வுடறது பெருசில்ல லவி. பொய்ய வுடு பாக்கலாம்."

ரங்கா கோயிலுக்குப் போகிறவர். மனைவியின் மாதாகோயில் விஷயத்தில் தலையிடாதவர். அன்றைக்குத் தலையிட்டார். லவினாவும் வீம்புக்கு ஒப்புக்கொண்டாள். அழகு செய்கிறவளுக்குப் பொய் இல்லாமல் பிழைப்பு ஏது? மறுநாளே லட்சுமம்மா ஃபேஷியலுக்குப் பிறகு கண்ணாடியைப் பார்த்து, "வயசு கொறஞ்சு தெரியுதா?" என்று கேட்டார். லவினா வெகுநேரம் யோசித்துவிட்டு, "சுத்தமா இருக்கீங்க" என்றாள். லட்சுமம்மா அந்த மாதம் முழுக்க அவளைக் கூப்பிடவில்லை.

சம்பவம் நடந்தது ஒரு முற்பகலில். லவினா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே ஃபோன். மறுமுனையில் நாத்தனார் மகா, தன் மாமியாரைப் பற்றிய வழக்கை முதலிலிருந்து தொடங்கியிருந்தாள். "அப்டியா? சீச்சீ. அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே லவினா தன் பக்கத்து மண்ணில் ஒரு கோரையைப் பிடுங்கினாள். இன்னொன்றைப் பிடுங்கினாள். உட்கார்ந்தபடியே கொஞ்சம் நகர்ந்தாள். மகாவின் மாமியார் குக்கர் மூடியை ஒளித்துவைத்த இடத்தில் கதை சூடுபிடித்தது; கையும் சூடுபிடித்தது. மாமியார் மன்னிப்புக் கேட்ட இடத்தில் லவினா, "அப்படிக் கேளு!" என்று ஃபோனை எடுத்து மறு காதுக்கு மாற்றினாள். அப்போதுதான் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்தாள்.

செங்கல் வரிசை அவளுக்குப் பின்னால் இருந்தது.

முன்னால் மண் துடைத்துவைத்த தட்டுபோல் இருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பச்சைக் குவியல். அதில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். இரண்டே இலை, நுனியில் விதையின் தோல்கூட இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

மகா மறுமுனையில், "அண்ணி? அண்ணி?" என்றாள்.

சாப்பாட்டுக்கு வந்த ரங்கா, மனைவி வெயிலில் உட்கார்ந்து நூல்போன்ற நாற்றுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அவை நட்டதும் சாய்ந்தன. எடுத்து நிறுத்தினால் மறுபக்கம் சாய்ந்தன.

"வீணா போட்டதா?"

"ஆமா."

"எல்லாமா?"

"நான் எப்போ அரகொறையா வேல செஞ்சிருக்கறன்?" என்றாள் லவினா. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"சொல்லிடு லவி."

"நக்கோ ரங்கா, வேணாம். அவ மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாது. பொய்யும் சொல்லக் கூடாது. ரெண்டு பக்கமும் நீதான் பூட்டிட்ட."

அழுது முடித்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பக்கத்தில் ஒரு காலி மனை உண்டு. லவினாவின் பார்வையில் அது எதிரி நாடு. கையில் முறத்தோடு அங்கே போனாள். சின்னச் சின்னதாக முளைத்திருந்த நாயுருவி, குப்பைமேனி, தும்பை, மூக்குத்திப்பூ எல்லாவற்றையும் வேர் அறுபடாமல் மண்ணோடு பெயர்த்து வந்து, வீணாவின் பாத்தியில் நட்டாள். அள்ளித் தெளித்ததுபோல் நட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவளுக்கு வரிசை தப்பி நட வராது. நூல் பிடித்தாற்போல் நட்டாள். "கம்ப்யூட்டர் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்? எல்லாம் பச்சையாத்தான தெரியும்" என்று ரங்காவுக்குத் தைரியம் சொன்னாள். ரங்கா தைரியம் கேட்கவில்லை. ஓரமாக நின்று முறத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

இருட்டிய பிறகு வேனிலிருந்து இறங்கி வந்த வீணா, ஃபோன் வெளிச்சத்தில் பாத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா, நான் போட்டதெல்லாம் மொளைச்சிடுச்சா?"

"மொளைச்சுதும்மா. ஒண்ணுகூட பழுதில்லாம மொளைச்சுது." ஒவ்வொரு சொல்லும் சத்தியம்.

"இதுதான் ஜினியாவா?"

லவினாவுக்கு, கேள்வி கேட்பது பொய்யாகாது என்பது பளிச்சென்று புரிந்தது. "பாக்கெட்டுல படம் போட்டிருப்பானே, நீ பாக்கல?"

"பாத்தேன்" என்றாள் வீணா. அப்படியே படியேறிப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து லவினாவின் காலைப்பொழுதுகள் மாறின. வாழ்நாளெல்லாம் எதைக் கண்டால் கை துறுதுறுத்ததோ அதற்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தாள். தன் பக்கத்தில் முளைத்த சித்தப்பாவைப் பிடுங்கி எறிந்துவிட்டு, செங்கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் நிற்கும் சித்தப்பாவுக்கு மண் அணைத்தாள். தெரு கூட்டுகிற அம்மாள் ஒருநாள் நல்ல எண்ணத்தில் கேட்டுக்குள் கைவிட்டு ஒரு குப்பைமேனியைப் பிடிக்க, "பேடா! பேடா! வேணாம், கைய எடும்மா!" என்று லவினா உள்ளேயிருந்து ஓடிவந்த வேகத்தில் அந்த அம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போனார்.

வீணாவின் பக்கமிருந்து வேண்டுகோள்கள் வரத் தொடங்கின.

"அக்கா, கடலப் புண்ணாக்கு ஊறவெச்சு ஊத்துனா நல்லா வருமாம். வாங்கிட்டு வந்திருக்கறன். காலைல வேனுக்கு நேரமாயிடுது…"

லவினா ஊறவைத்தாள். அந்த வாடையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள்.

"அக்கா, காத்துல சாயுது பாருங்க. குச்சி நட்டுக் கட்டுனா?"

நாயுருவிக்குக் குச்சி நட்டாள். தன் பழைய பாலியெஸ்டர் புடவையைக் கிழித்து ஒவ்வொன்றையும் வலிக்காமல் கட்டினாள். பங்குனி வெயில் ஏறியதும் மிச்சப் புடவையைப் பந்தலாகக் கட்டினாள்.

"அக்கா, செடிங்ககிட்ட தெனம் கொஞ்ச நேரம் பேசணுமாம். ஆன்லைன்ல போட்டிருக்காங்க. நான்தான் இருக்கறதே இல்லையே."

இதையும் லவினா செய்தாள். பல் துலக்கிவிட்டு வந்த ரங்கா, மனைவி பெரிம்மாவின் முன்னால் உட்கார்ந்து, "வளரு தாயே. ஒன்ன எத்தினி வாட்டி புடுங்கியிருக்கறன், மனசுல வெச்சிக்காத. இந்த ஒரு வாட்டி பூத்துடு" என்று கெஞ்சுவதைக் கேட்டுவிட்டு, வாயில் இருந்த தண்ணீரைத் துப்ப முடியாமல் சிரித்துப் புரையேறிக்கொண்டார்.

"சிரி. நல்லா சிரி. எனக்கு ஆண்டவரு குடுத்த தண்டன இது" என்றாள் லவினா.

ஆண்டவர் கொடுத்த தண்டனையில் மாடி ஜன்னல் எதற்குத் தினமும் அந்த நேரத்தில் ஒரு சாண் திறக்கிறது என்று அவள் யோசித்ததில்லை.

களைகள் நன்றி மறக்கவில்லை. புண்ணாக்கும் தண்ணீரும் குடித்து முழங்கால் உயரம் வளர்ந்தன. தும்பை வெள்ளையாகப் பூத்தது. மூக்குத்திப்பூ மஞ்சளாகச் சிரித்தது. சித்தப்பா கதிர்விட்டார். ஈஸ்டருக்கு முந்தின வாரம் வீணா படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி சொன்னாள்: "எங்கப்பா வந்ததும் மொதல்ல இதத்தான் பாப்பாருக்கா. அஞ்சு ஏக்கர்ல பூ போடறவரு. செண்டுமல்லி, சாமந்தி, எல்லாம். கே.ஆர். மார்க்கெட்டுக்கு அவரு பூதான் வரும்."

லவினா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அப்பா விவசாயி என்று வீணா முன்பே சொன்னதுண்டு. கேழ்வரகு, தக்காளி என்று லவினா தானாக நினைத்துக்கொண்டிருந்தாள். பூக்காரர்! மகள் நட்ட பாத்தியைப் பார்க்க வருகிறார். பார்க்கப்போவது நாயுருவி. அதற்குக் குச்சி. அதற்குப் பந்தல். பெண்ணுக்கு மண்ணும் மறந்துவிட்டது, புத்தியும் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பேசாமலே திரும்பிப் போய்விடுவார். பூக்காரர் மகளுக்கே களை எது, பூச்செடி எது என்று தெரிந்திருக்குமே என்ற அடுத்த கணக்குக்கு லவினாவின் பயம் அவளை விடவில்லை.

ஈஸ்டர் வந்தது, தவக்காலம் முடிந்தது, பிரியாணி ஆயிற்று. லவினா தன் கடைசித் திட்டத்தை ரங்காவிடம் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் வீணா புடவை எடுக்கப் போகிறாள். அந்த நேரத்துக்குள் களையெல்லாம் எடுத்துவிட்டு, நர்சரியிலிருந்து பூத்த ஜினியாவும் காஸ்மாஸும் கொண்டுவந்து கவரைக் கிழித்து நட்டுவிட வேண்டும். "இது பொய்யில்லையா?" என்றார் ரங்கா. "விரதம் முடிஞ்சிடுச்சு, நீ வண்டிய எடு" என்றாள் லவினா.

அந்தச் சனிக்கிழமை ரங்கா நர்சரிக்குப் போய்க் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. கேட் திறந்தது. வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. சட்டைப்பை ஓரத்தில் செண்டுமல்லியின் மஞ்சள் கறை. முகத்தைப் பார்த்ததும் லவினாவுக்கு யாரென்று தெரிந்துபோயிற்று. அடர்ந்து, நீண்டு, நுனியில் வளைந்த அதே புருவம்.

"வீணா வூடு இதானுங்களா? நான் அவங்கப்பா, சுந்தரமூர்த்தி. நாளைக்கித்தான் வர்றதா இருந்தம். லோடு எறக்க மார்க்கெட்டுக்கு வந்தன், அப்பிடியே எட்டிப் பாத்துட்டுப் போலாமுன்னு…"

பேச்சு பாதியில் நின்றது. அவர் பாத்தியைப் பார்த்துவிட்டார். குனிந்து பந்தலுக்கு அடியில் பார்த்தார். ஒரு முறை சுற்றி வந்தார். செங்கல்லோரம் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"இது என்னங்கம்மா?"

இத்தனை நாள் பூட்டிக் கிடந்த லவினாவின் வாய் திறந்தது. "மூலிகைங்க! மூலிகத் தோட்டம். இப்போ பெங்களூர்ல எங்க பாத்தாலும் இதாங்க. காலேஜ் பசங்கள்லாம் வந்து போட்டோ எடுத்துக்கினு போறாங்க. உங்க பொண்ணு ஒண்ணொண்ணா தேடித்தேடி கொண்டாந்து வெச்சுதுங்க."

"ஓ" என்றார் சுந்தரமூர்த்தி. "நாயுருவிக்கு எதுக்குங்கம்மா குச்சி?"

"காத்துங்க. பெங்களூர் காத்து ஒரு மாதிரி."

"புண்ணாக்கு வாசம் வருதுங்களே?"

"அது… விட்டமினுங்க."

மாடிப்படியில் ஏதோ சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. புடவை எடுக்கக் கிளம்பி வந்த வீணாவின் கைப்பைதான் விழுந்திருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஓடிய லவினா பக்கத்தில் போனதும்தான் பார்த்தாள், சிரிப்பு.

"அக்கா… போதும்க்கா… எங்கப்பாகிட்டப் போயி… விட்டமினா…"

"ஒனக்குத் தெரியுமா?"

"நட்ட அன்னிக்கே தெரியும். எங்க பூக்காட்டுல பள்ளிக்கூடம் லீவு வுட்டா எனக்கு இதப் புடுங்கற வேலதான். வரிச வேற புடிச்சி நட்டிருக்கீங்க."

"அப்போ புண்ணாக்கு? செடிகிட்ட பேசச் சொன்னது?"

வீணா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கி ராத்திரி மேல போயி அழுதன்க்கா. காலைல ஜன்னலத் தொறந்தா நீங்க சித்தப்பாவுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கீங்க. மூஞ்சிய அப்பிடி வெச்சிக்கிட்டு. அப்புறம் எங்க கோவம் வரும்? நாளைக்கிக் காலைல நானே எல்லாத்தையும் புடுங்கிடலாம்னு இருந்தன். அதுக்குள்ள இவரு வந்துட்டாரு."

லவினா திரும்பி அந்த மனிதரைப் பார்த்தாள். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நான்தாங்க புடுங்குனது" என்றாள். "ஃபோன்ல பேசிக்கினே புடுங்கிட்டன். நீங்க வந்து பாக்கணும்னு இந்தப் பொண்ணு ஆசையா போட்டுதுங்க. எல்லாம் நல்லா மொளைச்சிருந்துது. நான் பாத்தன். அது சத்தியம். உங்க பொண்ணு மேல தப்பு இல்லீங்க."

சுந்தரமூர்த்தி துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பாத்தியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு தும்பைப்பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மகள் பக்கம் திரும்பாமல் லவினாவிடம் சொன்னார்.

"கேளுங்கம்மா அதுங்கிட்ட. வெதய எப்பிடிப் போட்டுச்சாம்?"

லவினா படியைப் பார்த்தாள். "தூவினேன்" என்றாள் வீணா.

"மணல் கலந்து தூவுச்சான்னு கேளுங்க."

லவினா வாயைத் திறப்பதற்குள் பதில் வந்தது. "கலக்கல."

அவர் தலை திரும்பியது. "கலக்காம தூவுனா ஒரே பக்கமா வுழும்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கறன் உனக்கு?"

'உனக்கு' என்றார். வீணா சிரிப்பதை நிறுத்தினாள். எழுந்து மெதுவாகப் படியிறங்கி வந்து, புதுச் சுடிதார் மண்ணில் படுவதைப் பார்க்காமல், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க மணலு பொட்டலத்துலதாம்ப்பா கெடைக்குது" என்றாள்.

"மார்க்கெட்டுக்கு வர்றப்ப ஒரு மூட்ட போட்டாந்திருப்பன். கேட்டாத்தான?"

"நீங்கதான் ஃபோனு எடுக்கறதில்லையே."

அவர் பந்தலில் கட்டியிருந்த புடவை முடிச்சை அவிழ்க்க முயன்றார். முடிச்சு இறுகியிருந்தது, வீணா மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தாள். "இந்தப் பையன் வூட்டுல என்ன பண்றாங்க?" என்று முடிச்சைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வீணா சொல்லத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஆட்டோ சத்தம் கேட்டது. பின் சீட்டு நிறையச் சிவப்பும் மஞ்சளும் ரோஸுமாகப் பூக்கள் தலையாட்ட, ரங்கா வீட்டு முன்னால் வந்து பிரேக் போட்டார். லவினா செருப்புகூடப் போடாமல் ஓடி, கேட்டை வெளிப்பக்கமாகச் சாத்திவிட்டு அதன் முன்னால் நின்றுகொண்டாள்.

"லவி, எல்லாம் பூத்ததாப் பாத்து—"

அவள் உதட்டில் விரலை வைத்தாள். பிறகு அதே விரலைக் காற்றில் உயர்த்தி, ஆட்டோவோடு ஒரு ரவுண்டு போய்விட்டு வா என்று மெல்ல ஒரு பெரிய வட்டம் போட்டுக் காட்டினாள்.